வெயிலில் வெளுத்த படங்கள்: சித்தப்பாவின் டிரிப் 35 பழுதான கதை

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சித்தப்பா பீரோவின் மேல்தட்டிலிருந்து ஒரு தோல் உறையை எடுத்துக் கையில் கொடுத்தார். "நீதான் இதையெல்லாம் நோண்டுவியே, வெச்சுக்கோ." உள்ளே ஒலிம்பஸ் டிரிப் 35 ஃபிலிம் கேமரா. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியது. 1980களில் எங்கள் வீட்டில் எடுத்த எல்லாப் படங்களும் இதில் எடுத்தவைதான்: எனக்கு மொட்டை போட்டது, அத்தை கல்யாணம், சாய்வு நாற்காலியில் தாத்தா. ஏன் எடுத்து வைத்துவிட்டீர்கள் என்று கேட்டேன். "கடைசில படமெல்லாம் வெள்ளை வெள்ளையா வந்துச்சுடா, அதான்" என்றார். பழுது என்ன என்பதற்கான பாதி விடை அந்த ஒரு வரியிலேயே இருந்தது. அன்றைக்கு நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

டிரிப் 35 தெரியாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். ஒலிம்பஸ் இதை 1967ல் கொண்டுவந்து 1984 வரை விற்றது. சுற்றுலாப் போகிறவர்கள் யோசிக்காமல் படம் எடுக்க வேண்டும் என்பதுதான் நோக்கம், பெயரே அதிலிருந்து வந்ததுதான். லென்ஸ் 40 மி.மீ., எஃப் 2.8, உள்ளே 4 கண்ணாடிகள். பேட்டரி கிடையாது. லென்ஸைச் சுற்றித் தேன்கூடு மாதிரி மினுங்கும் வளையத்துக்குப் பின்னால் செலினியம் செல் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அதுவே கொஞ்சம் மின்சாரம் உண்டாக்கி ஒரு சிறு முள்ளை நகர்த்தும். பட்டனை அழுத்தும்போது முள் நிற்கிற இடத்தைப் பிடித்து, அதற்கேற்ப லென்ஸின் வெளிச்சத் துவாரமான அப்பர்ச்சர் திறக்கும்; எஃப் எண் கூடக்கூட அது சிறுக்கும். ஷட்டர் வேகம் இரண்டே இரண்டு: வெளிச்சம் போதுமானால் நொடியில் 200ல் ஒரு பங்கு, குறைந்தால் 40ல் ஒரு பங்கு. அதற்கும் கீழே இருட்டானால் வியூஃபைண்டருக்குள் ஒரு சிவப்புக் கொடி எழும்பி, ஷட்டர் பூட்டிக்கொள்ளும். ரோல் வீணாகாமல் காப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

சென்னைக்கு வந்ததும் ஃபிலிமை அழுத்திப் பிடிக்கும் தகட்டைப் பின்கதவிலிருந்து கழற்றிப் பார்த்தேன். அதற்கு அடியில் மூன்று எழுத்துக் குறி இருக்கும். நடுவில் உள்ளது வருடத்தின் கடைசி இலக்கம், மூன்றாவது மாதம். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு எண்ணுக்குப் பதில் எக்ஸ், ஒய், இசட். என்னுடையதில் 9, எக்ஸ். ஷட்டர் பட்டன் கறுப்பு பிளாஸ்டிக், அதாவது பிற்காலத்து மாடல். ஆக 1979 அக்டோபர். சித்தப்பாவுக்கு இதைச் சொன்னபோது, "நான் 80 தீபாவளிக்கு வாங்கினேன், ஒரு வருஷம் பழைய சரக்கைத் தள்ளிட்டான் பாரு" என்று 45 வருடம் கழித்துக் கடைக்காரரைத் திட்டினார்.

முதல் ரோல்

கேமரா பார்க்க நன்றாகவே இருந்தது. ஃபிலிம் நகர்த்தும் பல்சக்கரம் சுழன்றது, ஷட்டர் 'டிக்' என்றது, உள்ளங்கையால் லென்ஸை மூடினால் சிவப்புக் கொடி எழுந்தது. சரி, வேலை செய்கிறது என்று கோடக் கலர்பிளஸ் 200 ஒரு ரோல் போட்டு மாமல்லபுரம் போனேன். காலை 11 மணியிலிருந்து கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், கடல். சாயங்காலம் திரும்பும் வழியில் ஒரு டீக்கடை, பஸ் நிலையம்.

ரோலைக் கழுவ எடுத்துக்கொண்டவர்கள் ஒரு வாரம் கழித்து ஸ்கேன் அனுப்பினார்கள். ரதங்கள் பனிமூட்டத்தில் நின்றன. வானம் என்று ஒன்று இல்லவே இல்லை. கடைசி 5, 6 படங்கள் மட்டும், டீக்கடையும் பஸ் நிலையமும், அருமையாக வந்திருந்தன. அது தவிரப் பல படங்களின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தீற்றல்.

ஒரு கடையில் காட்டினேன். கேமராவைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "செல் போச்சு சார். இந்தக் கேமராவுல எல்லாருக்கும் அதான். பார்ட்ஸ் கிடைக்காது, வேற ஒண்ணு வாங்கிக்கோங்க" என்றார். வேற ஒன்று அவரிடமே விற்பனைக்கும் இருந்தது.

அவர் சொன்னதை முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். செலினியம் செல் வயதானால் பலவீனமாகும், ஈரம் உள்ளே போனால் செத்தும் போகும். ஆனால் செல் செத்திருந்தால் முள் நகராது. முள் நகராவிட்டால் கேமரா எப்போதும் இருட்டு என்றே நினைக்கும், நட்டநடு வெயிலிலும் கொடி எழும்பும், ஷட்டர் பூட்டிக்கொண்டு ஒரு படம்கூட எடுக்க விடாது. என் கேமரா வெயிலில் தாராளமாக எடுத்தது. மூடினால் கொடி வந்தது, திறந்தால் போனது. செல்லுக்கு உயிர் இருக்கிறது. பிறகு ஏன் வெயில் படங்கள் மட்டும் வெளுக்க வேண்டும்?

கடைசிச் சில படங்கள் நன்றாக வந்திருந்ததை அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தேன். டீக்கடை வெளிச்சத்துக்கு அப்பர்ச்சர் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், எஃப் 2.8. உச்சி வெயிலில், 200 வேக ஃபிலிமுக்கு, 200ல் ஒரு பங்கு நொடியில், எஃப் 16 அளவுக்குச் சுருங்க வேண்டும். ஒருவேளை அது சுருங்காமல் எப்போதும் 2.8லேயே நின்றால்? 16லிருந்து 11, 8, 5.6, 4, 2.8: ஐந்து படி. ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் இரட்டிப்பு. ஃபிலிமில் விழுவது தேவையானதைப் போல 32 மடங்கு. கலர் நெகட்டிவ் இரண்டு, மூன்று படி கூடுதல் வெளிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளும், ஐந்தைத் தாங்காது. சாயங்காலப் படங்களுக்கு 2.8தான் தேவை, அதனால் அவை தப்பித்தன.

போனை வைத்து ஒரு சோதனை

கணக்கு சரியாக இருக்கலாம், கண்ணால் பார்க்காமல் நம்ப மனமில்லை. டிரிப் 35ல் ஆட்டோ நிலையை விட்டு வளையத்தைத் திருப்பி எஃப் எண்ணை நாமே வைக்கலாம். ஃபிளாஷுக்காக வைத்த வசதி அது. அப்போது ஷட்டர் எப்போதும் 40ல் ஒரு பங்குதான், செல் சொல்வதற்காகக் காத்திருக்காது. எனவே அந்த நிலையிலும் அப்பர்ச்சர் சுருங்காவிட்டால் குற்றம் செல்லுடையது இல்லை.

ஃபிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்து, கேமராவை ஜன்னலைப் பார்த்து வைத்து, பின்னால் போனை நிறுத்தி, நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் படம் பிடித்தேன். முதலில் எஃப் 2.8. பெரிய வெளிச்சத் துவாரம் ஆறு ஃபிரேமுக்குத் தெரிந்து மறைந்தது. 240ஐ 40ஆல் வகுத்தால் 6. ஷட்டர் சரி. அடுத்து எஃப் 22. வரவேண்டியது குண்டூசித் தலை அளவு ஒரு சாய்சதுரம், ஏனென்றால் இதில் இரண்டே பிளேடுகள். வந்தது அதே பெரிய துவாரம். மறுபடி, மறுபடி. ஏழாவது, எட்டாவது முறையில் துவாரம் ஒரு பக்கம் கொஞ்சம் சுருங்கி, சோம்பேறித்தனமாகப் பாதியில் நின்றது.

தீர்ந்தது விஷயம். பிளேடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஃபோகஸ் வளையத்தின் மரைகளில் போட்ட கிரீஸ் காலப்போக்கில் பிரிந்து, அதிலிருந்து கசிந்த மெல்லிய எண்ணெய் பிளேடுகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் எப்படி ஒட்டும், அப்படி. பிளேடுகளை இழுக்கும் ஸ்பிரிங்குக்கு அந்த ஒட்டலைப் பிரிக்கிற பலம் இல்லை. மொட்டை மாடிக்கு நேர் கீழே, பீரோவின் மேல்தட்டில் முப்பது கோடைகளைக் கழித்த கேமராவில் எண்ணெய் மேலும் கசியாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆரஞ்சுத் தீற்றல் இதோடு சேராத தனிக் கதை. பின்கதவு பொருந்தும் பள்ளத்திலும் கீல் பக்கத்திலும் வெளிச்சம் புகாமலிருக்கக் கறுப்பு ஸ்பாஞ்சுப் பட்டை ஒட்டியிருப்பார்கள். அது தாராக உருகி, தொட்டால் விரலில் பிசுக்கென்று ஒட்டியது. படப் பள்ளத்துக்குள் துணுக்குகள் விழாதபடி கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, பல்குத்தியும் ஸ்பிரிட்டும் வைத்துச் சுரண்டினேன். பள்ளத்தில் கறுப்புக் கம்பளி நூல், கீல் பக்கம் வெல்வெட் துண்டு. செலவு 40 ரூபாய், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்புறம் மேசை விரிப்பில் இன்றும் போகாத ஒரு கறை.

நான் செய்த தப்பு

இந்த உற்சாகத்தில் அடுத்ததையும் நானே பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கினேன். முன் லென்ஸைக் கழற்றி, உள்ளே இருக்கும் இரண்டாவது கண்ணாடிக்குப் பக்கத்து இடுக்கில் லைட்டர் திரவத்தை ஊசியால் நான்கைந்து சொட்டு விட்டு, ஷட்டரை நூறு முறை தட்டினேன். பிளேடுகள் சுருசுருவென்று ஓடின. எஃப் 22ல் குண்டூசித் தலை தெரிந்தது. சித்தப்பாவுக்கு வீடியோ அனுப்பினேன்.

பதினைந்து நாளில் மறுபடி ஒட்டிக்கொண்டது, முன்பைவிட மோசமாக. திரவம் எண்ணெயைக் கரைக்கும், ஆனால் அது வெளியே எங்கே போகும்? இன்னும் உள்ளே, ஷட்டர் பிளேடு வரைக்கும் பரவிவிட்டு, திரவம் மட்டும் ஆவியாகிப் போய்விடும். துடைத்து எடுக்காத அழுக்கு இடம் மாறுமே தவிரக் குறையாது என்று பாத்திரம் தேய்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். போதாக்குறைக்கு, முன் லென்ஸைத் திருகிக் கழற்றும்போது எந்த இடத்தில் நின்றது என்று நான் குறித்து வைக்கவில்லை. அதன் பலன் பின்னால் வருகிறது.

வேறு ஒன்று வாங்கினால்?

கேமராவை மேசையில் வைத்துவிட்டு ஒரு மாதம் அதைத் தொடவே இல்லை. அந்த மாதத்தில்தான் மாற்று என்னென்ன என்று பார்த்தேன்.

இன்னொரு பழைய டிரிப் 35 வாங்குவதில் அர்த்தமில்லை. அதற்கும் இதே வயது, இதே கிரீஸ். இந்த வியாதி வந்துவிட்டது என்றாவது என்னுடையதைப் பற்றித் தெரியும், அடுத்தவருடையதில் எப்போது வரும் என்று தெரியாது.

எல்லோரும் ஆசைப்படுவது ஒலிம்பஸ் மியூ 2. 1997ல் வந்தது, 35 மி.மீ. எஃப் 2.8, சட்டைப் பையில் அடங்கும், ஆட்டோஃபோகஸ், ஃபிளாஷ். படம் பிரமாதமாக வரும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் உள்ளே இருப்பது மெல்லிய ஃபிளெக்ஸ் கேபிள்களும் அதற்கென்றே செய்த சிப்பும். லென்ஸ் வெளியே வந்து உள்ளே போகிற ஒவ்வொரு முறையும் கேபிள் மடங்கும். ஒருநாள் அறுந்தால் அதற்கு மாற்றுப் பாகம் இன்னொரு செத்த மியூவின் வயிற்றில்தான் கிடைக்கும். ஒலிம்பஸ் கேமராத் தொழிலே 2021 ஜனவரியில் ஓ.எம். டிஜிட்டல் சொல்யூஷன்ஸ் என்ற கம்பெனிக்குக் கைமாறிவிட்டது. இன்னொரு எச்சரிக்கை: ஃபிளாஷ் உள்ள கேமராவை வீட்டில் திறக்காதீர்கள். அதன் கெப்பாசிட்டரில் சுமார் 300 வோல்ட் இருக்கும், பேட்டரியைக் கழற்றிய பிறகும் தங்கும். டிரிப்பில் அந்தப் பயம் இல்லை, அதில் மின்சாரம் என்று இருப்பது வெயில் தருகிற துளிதான்.

புதிதாகவே வேண்டும் என்றால் பென்டாக்ஸ் 17 இருக்கிறது. 2024ல் வந்தது, அப்போது அமெரிக்காவில் 500 டாலர். ஒரு பெரிய கம்பெனி இத்தனை வருடம் கழித்து ஃபிலிம் கேமரா செய்கிறதே என்று எனக்கும் சந்தோஷம்தான். டிரிப்பைப் போலவே தூரத்தைப் படக்குறி பார்த்து வைக்க வேண்டும். ஆனால் அது ஹாஃப் ஃபிரேம், 36 ரோலில் 72 படம். ஒரு ரோலை முடிக்கவே மூன்று மாதம் எடுக்கிற எனக்கு 72 என்பது தண்டனை. அதே வருடம் வந்த ரோலெய் 35ஏ.எஃப். என்ற கேமரா முழு ஃபிரேம், விலையோ பென்டாக்ஸையும் தாண்டியது.

விலையை விட்டுவிட்டுப் பார்த்தாலும் முடிவு ஒரு பக்கம்தான் சாய்ந்தது. என் கேமராவில் உடைந்தது ஒன்றுமில்லை. தேய்ந்தது ஒன்றுமில்லை. அழுக்கு இருக்கிறது. பாகம் தேவைப்படாத பழுதுக்குப் பாகம் கிடைக்காத கவலை எதற்கு? இதுவே செல் செத்திருந்தால், அல்லது மியூவில் கேபிள் அறுந்திருந்தால், அந்தக் கடைக்காரர் சொன்னதைத்தான் நானும் சொல்லியிருப்பேன்.

பாயின் மேசையில்

திருவல்லிக்கேணியில் ஒரு மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து கேமரா பார்க்கிற ஒரு பெரியவரை நண்பர் காட்டினார். நான் போட்ட விளக்கத்தை எல்லாம் கேட்டுவிட்டு, "எவ்ளோ பெட்ரோல் ஊத்துன தம்பி?" என்றார்.

"லைட்டர் திரவம் பாய். நாலஞ்சு சொட்டு."

"எல்லாம் ஒண்ணுதான். ரெண்டு வாரம் கழிச்சு வா."

என்னை விரட்டினாலும் பிரிக்கும் அன்றைக்குப் பக்கத்தில் உட்கார விட்டார். ஃபோகஸ் வளையத்தின் விளிம்பில் எள் அளவு மூன்று திருகாணிகள். அவற்றைத் தளர்த்துவதற்கு முன் ஊசியால் வளையத்திலும் லென்ஸிலும் ஒரே நேராக ஒரு கோடு கீறினார். "உன்னை மாதிரி ஆளுங்கதான் இதைப் போடாமக் கழட்டுவீங்க." அப்புறம் முன் கண்ணாடி, அதற்குக் கீழே தாங்குதட்டு, கடைசியில் இரண்டு பிளேடுகள். பூண்டுத் தோல் கனம்கூட இருக்காது. வெள்ளைத் துணியில் வைத்து வெள்ளைப் பெட்ரோலில் தேய்த்தபோது தேன் நிறத்தில் கறை இறங்கியது. ஷட்டர் பிளேடுகளிலும் அதே கறை, அது என் உபயம். எல்லாவற்றையும் உலர்த்தி, எண்ணெய் தொடாமல் மாட்டினார். பிளேடு எப்போதும் காய்ந்தே ஓட வேண்டுமாம். முன் கண்ணாடியின் உள்பக்கம் சிலந்தி நூல் போல ஃபங்கஸ் இருந்தது, கண்ணாடியை அரிக்கும் முன் துடைத்துவிட்டார். மரைக்குப் புதுக் கிரீஸ், அதுவும் நக நுனி அளவு. "இந்தத் தோல் உறைய மொதல்ல தூக்கிப் போடு. ஈரத்த அதுதான் பிடிச்சு வெக்குது." தூக்கிப் போடவில்லை. வெயிலில் காயவைத்துத் தனியாக வைத்திருக்கிறேன்.

தொல்லை ஃபோகஸில்தான் வந்தது. கோடு கீறினாரே தவிர, லென்ஸ் முதலில் இருந்த இடத்தை நான் ஏற்கனவே தொலைத்திருந்தேன். வேறு கேமராவாக இருந்தால் ஷட்டரைப் 'பி'யில், அதாவது பட்டனை விடும்வரை மூடாத நிலையில், திறந்து வைத்து, ஃபிலிம் ஓடும் இடத்தில் டிரேசிங் தாள் ஒட்டி, தூரத்துக் கோபுரம் கூர்மையாக விழுகிறதா என்று பார்த்துச் சரிசெய்யலாம். டிரிப் 35ல் 'பி' கிடையாது. நொடியில் 40ல் ஒரு பங்குக்குள் எந்தக் கண்ணும் கூர்மை பார்க்க முடியாது. பாய் ஒரு உத்தேசத்துக்கு வைத்து, "ஒரு ரோல் எடுத்துட்டு வா" என்றார்.

அந்த ரோலை மத்தியானத்தில் எடுத்தால் பயனில்லை என்பதைச் சொல்ல வேண்டும். எஃப் 16ல் எல்லாமே கூர்மையாகத்தான் தெரியும், தப்பு ஒளிந்துகொள்ளும். சூரியன் இறங்கியதும் மெரினாவில் முக்காலி போட்டு, வளையத்தை 2.8ல் வைத்து, தூரத்தை மலைக் குறியில் வைத்து, கலங்கரை விளக்கத்தை ஆறு படம் எடுத்தேன். கொஞ்சம் மசங்கல். திரும்பப் போய், பாய் இம்மி அளவு திருப்பி, மறுபடி ரோல். இரண்டாவது ரோலில் கலங்கரை விளக்கத்தின் மாடக் கம்பிகளை எண்ண முடிந்தது. ஆகப் பாய்க்கு 2,200 ரூபாய், என் அவசரத்துக்கு இரண்டு ரோலும் கழுவுகூலியும்.

இப்போதைய நிலை

செல் கொஞ்சம் தளர்ந்துதான் இருக்கிறது. கடைக்காரருக்கு அந்த அளவு நியாயம் செய்ய வேண்டும். போனின் வெளிச்ச மீட்டர் எஃப் 2.8க்கு 40ல் ஒரு பங்கு காட்டும் வெளிச்சத்தில்தான் கொடி எழ வேண்டும். என்னுடையதில் 80ல் ஒரு பங்கு காட்டும்போதே எழுந்துவிடுகிறது. வெயில் சுவரைப் பார்த்து ஸ்லோமோஷன் எடுத்தால் எஃப் 16 வர வேண்டிய இடத்தில் 11 அளவு துவாரம். ஒரு படி கூடுதல் வெளிச்சம். 200 ஃபிலிம் போட்டு ஃபிலிம் வேக வளையத்தை 400ல் வைத்தால் கணக்கு நேராகிவிடும், ஆனால் நான் அப்படி வைப்பதில்லை. கலர் நெகட்டிவுக்கு ஒரு படி கூடுதல் நல்லதே செய்யும். கூடுதல் வெளிச்சத்தைப் பொறுக்காத ஸ்லைடு ஃபிலிம் போடுவதாக இருந்தால் மாற்றுவேன்.

பழுது எப்போது தொடங்கியது என்று பார்க்க, சித்தப்பாவிடம் இருந்த நெகட்டிவ் உறைகளை வாங்கி வரிசைப்படுத்தினேன். 1991 வரை எல்லாம் சரி. 1992 சித்திரையில் சின்ன அத்தை வீட்டுக் கிரகப்பிரவேசம்: வீட்டுக்குள் ஃபிளாஷில் எடுத்தவை சுமாராகத் தப்பியிருந்தன, வாசலில் வெயிலில் எடுத்தவை எல்லாம் வெள்ளை பிரிண்ட். அவற்றின் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்தால் கரித்துண்டு மாதிரி கறுத்திருந்தது. கறுப்பாக இருந்தால் உள்ளே ஏதோ பதிந்திருக்கிறது என்று அர்த்தம், ஒன்றுமே பதியாத நெகட்டிவ் வெறும் ஆரஞ்சுத் தாளாகத்தான் இருக்கும். பிரிண்ட் போட்டவர் அத்தனை கறுப்புக்குள் வெளிச்சத்தைச் செலுத்தவில்லை, அவ்வளவுதான். லைட் பாக்ஸில் வைத்து, டிஜிட்டல் கேமராவில் நான்கு நொடி திறந்து வைத்துப் படியெடுத்தேன். நிறம் பச்சையும் மஞ்சளுமாகக் குழம்பி, மணல் தூவினாற்போல வந்தது. பதினான்காம் படத்தில் வாழைமரம் கட்டிய வாசலில் தாத்தா நிற்கிறார், கையில் செம்பு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. அடுத்த ஆடியில் அவர் போய்விட்டார். அந்தப் படத்தை வீட்டில் அதுவரை யாரும் பார்த்ததில்லை.